எருமை சும்மா நிற்கும் மாதங்களைக் குறைப்போம்



நம் குழுக்களில் கடன் எடுத்து எருமை வாங்கிய சகோதரிகள் பலர் இருக்கிறார்கள். தவணை தள்ளிப்போகும்போது காரணம் கேட்டால், பெரும்பாலும் வரும் பதில் இதுதான்: "எருமை பால் மறந்துபோச்சுங்க. இன்னும் சினையும் பிடிக்கல." பால் ஊற்றும் வரை தவணை ஒழுங்காக வருகிறது. பால் நின்றால் தவணையும் நின்றுவிடுகிறது. தீவனச் செலவு மட்டும் நிற்பதில்லை. கடைசியில் "இது மலட்டு எருமை" என்று சொல்லி அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிடுகிறோம். எருமை போய்விடும், கடன் நம்மோடு இருக்கும்.

இப்படி விற்கப்படும் எருமைகளில் பல மலடே இல்லை. அவை பருவத்துக்கு வந்தது யார் கண்ணிலும் படாமல் போயிருக்கும். அதனால் எருமையைச் சரியான காலத்தில் சினைப்படுத்துவது எப்படி, அதற்கு வீட்டிலேயே நாம் செய்யக்கூடியது என்ன என்று இந்த இதழில் பார்ப்போம்.

முதலில் ஒரு கணக்கு

எருமையின் சினைக்காலம் சுமார் 310 நாட்கள். அதாவது பத்து மாதமும் சில நாட்களும். பசுவைவிட ஏறக்குறைய ஒரு மாதம் அதிகம். இதை யாராலும் குறைக்க முடியாது. கன்று போட்டதிலிருந்து மறுபடி சினை பிடிக்கும் வரை ஆகும் காலத்தைத்தான் நம்மால் குறைக்க முடியும்.

இரண்டு எருமைகளை எடுத்துக்கொள்வோம். இரண்டும் 9 மாதம் கறக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் எருமை கன்று போட்ட 3 மாதத்தில் சினை பிடிக்கிறது. அது 13 மாதத்துக்கு ஒரு முறை கன்று போடும். நடுவில் 4 மாதம் மட்டும் பால் இருக்காது. இரண்டாவது எருமை 10 மாதம் கழித்துத்தான் சினை பிடிக்கிறது. அது 20 மாதத்துக்கு ஒரு முறை கன்று போடும். பால் இல்லாமல் 11 மாதம் நிற்கும்.

இன்று இரண்டும் கன்று போட்டால், இன்றிலிருந்து ஐந்து வருடம் முடிவதற்குள் முதல் எருமை ஐந்து கன்று போட்டிருக்கும். இரண்டாவது எருமை மூன்றுதான் போட்டிருக்கும். இரண்டும் ஒரே அளவு பால் கொடுத்தாலும், வருமானத்தில் இவ்வளவு வித்தியாசம்!

எருமை 21 நாட்களுக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும். ஒரு பருவத்தைத் தவறவிட்டால் அடுத்த 21 நாள் காத்திருக்க வேண்டும். ஒரு நாள் தீவனச் செலவு 100 ரூபாய் என்று போட்டால்கூட, ஒரு பருவம் தவறினால் 2,100 ரூபாய் போகிறது. மூன்று பருவம் தவறினால் 6,300 ரூபாய். இது குழுவுக்குக் கட்ட வேண்டிய தவணைப் பணம்தானே!

தமிழ்நாட்டில் 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் சுமார் 7.8 லட்சம் எருமைகள் இருந்தன. 2019 கணக்கெடுப்பில் அது சுமார் 5.2 லட்சமாகக் குறைந்துவிட்டது. மேய்ச்சல் நிலமும் குட்டைகளும் குறைந்தது, கலப்பினப் பசுக்கள் பெருகியது என்று காரணங்கள் பல. "எருமை லேசில் சினை பிடிக்காது" என்ற பேச்சும் ஒரு காரணம். ஆனால் எருமைப் பாலில் கொழுப்பு 6 முதல் 8 சதவீதம் வரை இருக்கிறது. கொழுப்பைப் பார்த்து விலை போடும் சொசைட்டியில் இதற்கு நல்ல விலை உண்டு. வைக்கோலையும் தட்டையையும் தின்று செரிக்கும் திறனும் எருமைக்கு அதிகம்.

எருமை ஏன் காட்டிக்கொடுப்பதில்லை?

பசு பருவத்துக்கு வந்தால் தெருவுக்கே தெரியும். கத்தும், அடுத்த மாட்டின் மேல் தாவும், வழும்பு தொங்கும். எருமை அப்படி இல்லை. பல எருமைகள் கத்துவதே இல்லை. மற்ற எருமைகள் மேல் தாவுவதும் குறைவு. இதைத்தான் மருத்துவர்கள் 'ஊமைப் பருவம்' என்கிறார்கள். மேலும், எருமைக்குப் பருவ அறிகுறி பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும்தான் தெரியும். வெயில் ஏறியதும் அடங்கிவிடும். பத்து மணிக்குப் போய்ப் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

விடியற்காலையில் எழுந்து சாணி அள்ளுவதும் பால் கறப்பதும் யார்? நாம்தான். அதனால் எருமையின் பருவத்தைக் கண்டுபிடிக்க நம்மைவிடத் தகுதியான ஆள் கிடையாது. காலை, மாலை கறவை நேரத்திலும், இரவு படுக்கப் போகும் முன்பும் ஐந்து நிமிடம் நின்று கவனித்தால் போதும்.

பார்க்க வேண்டிய அறிகுறிகள்:

1. அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீர் கழிக்கும்.
2. அறை லேசாக வீங்கி, உள்பக்கம் சிவந்திருக்கும்.
3. கண்ணாடி போன்ற தெளிவான வழும்பு வரும். எருமைக்கு இது குறைவு. நிற்கும்போது தொங்காமல், படுக்கும்போது தரையில் ஒழுகியிருக்கும். அதனால் எருமை எழுந்ததும் படுத்த இடத்தைப் பாருங்கள். வாலிலும் பின் தொடையிலும் காய்ந்து ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.
4. திடீரென்று பால் குறையும். அல்லது பாலை இறக்காமல் அடக்கிக்கொள்ளும்.
5. சில எருமைகளுக்குக் காம்புகள் விடைத்து நிற்கும்.
6. தீனியில் நாட்டம் இருக்காது. அமைதியின்றி கயிற்றை இழுத்துக்கொண்டு நிற்கும். சில எருமைகள் விட்டு விட்டு ஒரு மாதிரிக் கத்தும்.
7. கிடா பக்கத்தில் இருந்தால் அதை முகர விட்டு அசையாமல் நிற்கும். இது உறுதியான அறிகுறி.

ஒரே எருமையிடம் எல்லாம் ஒன்றாகத் தெரியாது. இரண்டு மூன்று அறிகுறி தெரிந்தாலே நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சொல்லக் கூச்சப்பட வேண்டாம்

சில உறுப்பினர்கள், "இதையெல்லாம் டாக்டர்கிட்ட நான் எப்படிங்க சொல்றது? அவர் வந்ததும் சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன்" என்கிறார்கள். வீட்டுக்காரர் வேலை முடிந்து வருவதற்குள் அந்தப் பருவமே முடிந்துவிடுகிறது. காய்ச்சல் வந்த குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது நாம் யாருக்கும் காத்திருப்பதில்லை. இதுவும் அப்படித்தான். "எருமை பருவத்துக்கு வந்திருக்கு, காலையில வழும்பு பார்த்தேன், சினை ஊசி போடணும்" என்று கால்நடை மருந்தகத்தில் நேராகச் சொல்லுங்கள். பார்த்த நேரத்தையும் சேர்த்துச் சொன்னால் மருத்துவருக்கு உதவியாக இருக்கும்.

எப்போது சினை ஊசி போடுவது?

கன்று போட்ட எருமையின் கருப்பை பழைய நிலைக்குத் திரும்ப ஒன்றரை மாதம் ஆகும். எனவே கன்று போட்டு 60 நாள் ஆனபிறகு வரும் பருவத்தில் ஊசி போடலாம். 90 நாளுக்குள் சினை நிற்க வேண்டும் என்பதை இலக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

எருமைக்குப் பருவ அறிகுறிகள் அடங்கும் நேரத்துக்குப் பிறகுதான் கருமுட்டை வெளிவருகிறது. அறிகுறி தெரிந்த உடனே ஓடிப்போய் ஊசி போட்டால் வீணாகிவிடும். ஆகவே, காலையில் அறிகுறி தெரிந்தால் அன்று மாலை போடுங்கள். மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை போடுங்கள். அதற்குப் பிறகும் அறிகுறி தொடர்ந்தால் மருத்துவரைக் கேட்டு இன்னொரு ஊசி போடலாம்.

எருமையை வெயிலில் வெகுதூரம் நடத்திக்கொண்டு போய் உடனே ஊசி போட வேண்டாம். நிழலில் கட்டி, தண்ணீர் காட்டி, இளைப்பாற விடுங்கள். உறைவிந்துக் குச்சி மைனஸ் 196 டிகிரி குளிரில், திரவ நைட்ரஜனில் வைக்கப்பட்டிருக்கும். வெளியே எடுத்ததும் இளஞ்சூடான தண்ணீரில் அரை நிமிடம் வைத்துத்தான் போட வேண்டும். வீட்டுக்கு வந்து போடுபவருக்கு இளஞ்சூடான தண்ணீர் எடுத்துக் கொடுங்கள். வழும்பு கலங்கலாகவோ சீழ் கலந்தோ இருந்தால் ஊசி போடக் கூடாது. அது கருப்பையில் புண் இருப்பதைக் காட்டுகிறது. முதலில் வைத்தியம் செய்ய வேண்டும்.

ஊசி போட்ட 21-ஆம் நாளை ஒட்டி மூன்று நான்கு நாள் மறுபடி கவனியுங்கள். பருவத்துக்கு வரவில்லை என்பதை வைத்து மட்டும் சினை என்று முடிவு செய்யாதீர்கள். எருமைதான் ஊமை ஆயிற்றே! இரண்டு முதல் மூன்று மாதத்துக்குள் மருத்துவரிடம் சினைப் பரிசோதனை செய்தால்தான் உறுதி. "சினைதான்னு நினைச்சு ஏழு மாசம் தீனி போட்டேன், வயித்துல ஒண்ணுமில்ல" என்ற நிலை யாருக்கும் வரக் கூடாது.

எந்தக் கிடாவின் விந்து?

முர்ரா இனம் அரியானா மாநிலத்தின் ரோத்தக், ஹிசார், ஜிந்த் பகுதிகளைச் சேர்ந்தது. கொம்பு முறுக்கிச் சுருண்டிருக்கும், பால் அதிகம். நம் ஊர் எருமைக்கு முர்ரா விந்து போட்டால் பிறக்கும் கிடேரியிடம் முர்ரா குணம் பாதி இருக்கும். அந்தக் கிடேரிக்கும் முர்ரா போட்டால் அடுத்த தலைமுறையில் முக்கால் பங்கு. இப்படித் தலைமுறைக்குத் தலைமுறை பால் கூடும். அதிக விலை கொடுத்து வெளி மாநில எருமை வாங்குவதைவிட, நம் தண்ணிக்கும் தீனிக்கும் பழகிய எருமையிலிருந்தே நல்ல கன்று எடுப்பது கைக்கு அடக்கமான வழி.

ஆனால் நீலகிரியின் தோடா எருமை, ஈரோடு மாவட்ட மலைப்பகுதியின் பர்கூர் எருமை இரண்டும் அந்த மலைக்கே உரிய தனி இனங்கள். அங்குள்ள உறுப்பினர்கள் அதே இனத்திலேயே சேர்ப்பது நல்லது. கலந்துவிட்டால் அந்த இனத்தைத் திரும்பப் பெற முடியாது.

ஊரில் ஒரே கிடாவை வருடக்கணக்கில் பயன்படுத்தினால், அது தன் மகள்களுக்கே சேரும். கன்றுகள் நோஞ்சானாகப் பிறக்கும், பாலும் குறையும். கிடா மூலம் ஒரு எருமையின் கருப்பை நோய் மற்ற எருமைகளுக்கும் பரவும். ஊசி போடும்போது விந்துக் குச்சியில் உள்ள கிடா எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த எருமையின் கிடேரிக்கு அதே எண் வராமல் பார்த்துக்கொள்ளலாம்.

கோடையில் என்ன செய்வது?

பகல் குறைந்து இரவு நீளும் மாதங்களில்தான் எருமைகள் அதிகமாகப் பருவத்துக்கு வரும். புரட்டாசியிலிருந்து மாசி வரை நல்ல காலம். இந்த மாதங்களில் ஒரு பருவத்தைக்கூட விட்டுவிடாதீர்கள். பங்குனி, சித்திரை வெயிலில் பருவத்துக்கு வருவது குறைந்துவிடும், வந்தாலும் வெளியே தெரியாது.

எருமைக்குக் கறுப்புத் தோல். வெயிலை அப்படியே இழுத்துக்கொள்ளும். வியர்வைச் சுரப்பிகளும் பசுவைவிட மிகக் குறைவு. அதனால்தான் தண்ணியைக் கண்டால் போய்ப் படுத்துக்கொள்கிறது. அது சோம்பேறித்தனம் இல்லைங்க, உடம்புச் சூட்டைத் தணிக்க அதற்கு வேறு வழி இல்லை. குட்டை இருந்தால் மதியம் இரண்டு மணி நேரம் விடுங்கள். குட்டை இல்லாத ஊரில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றுங்கள். மரநிழலிலோ கீற்றுக் கொட்டகையிலோ கட்டுங்கள். தகரக் கொட்டகை என்றால் மேலே தென்னங்கீற்று பரப்புங்கள். தீனியைக் காலை வெயிலுக்கு முன்பும் இரவிலும் அதிகமாகப் போடுங்கள்.

வயிறு காய்ந்தால் சினை பிடிக்காது

கன்று போட்ட புதிதில் பால் அதிகம், தின்பது குறைவு. உடம்பு கரையும். விலா எலும்பை எண்ணும்படி இளைத்துவிட்டால் எருமை பருவத்துக்கே வராது. எனவே:

- கறவை எருமைக்கு ஒரு நாளைக்கு 20 முதல் 25 கிலோ பசுந்தீவனம், 5 முதல் 6 கிலோ வைக்கோல் அல்லது தட்டை கொடுப்பது நல்லது. வேலியோரம் அகத்தி, கொஞ்சம் தண்ணீர் இருந்தால் கோ-4 அல்லது கோ-5 புல் போடுங்கள்.
- கலப்புத் தீவனம் உடம்புக்காக ஒன்று முதல் ஒன்றரை கிலோ. அதற்கு மேல், கறக்கும் ஒவ்வொரு 2 லிட்டர் பாலுக்கும் 1 கிலோ.
- தாது உப்புக் கலவை தினமும் 50 கிராம். சினை பிடிக்காத எருமைகள் பலவற்றுக்கு இந்தச் சத்துக் குறைவும் ஒரு காரணம். குழுவில் சேர்ந்து மொத்தமாக வாங்கினால் விலை குறையும்.
- நாள் முழுக்கக் குடிக்கச் சுத்தமான தண்ணீர்.
- மருத்துவர் சொல்லும் இடைவெளியில் குடற்புழு நீக்கம்.

நிறைசினையும் கன்றும்

கன்று போடுவதற்கு 2 மாதம் முன்பே பாலை வற்ற வைத்துவிடுங்கள். "இன்னும் அரை லிட்டர் வருதே" என்று கறந்துகொண்டே இருந்தால், அடுத்த ஈத்தில் பல லிட்டர் குறையும். இந்த இரண்டு மாதமும் கலப்புத் தீவனம் ஒன்று முதல் இரண்டு கிலோ கூடுதலாகக் கொடுங்கள். எருமைக்கு அடி தள்ளும் தொந்தரவு அதிகம். நிறைசினை எருமையைப் பின்பக்கம் சற்று உயரமாக இருக்கும் இடத்தில் கட்டுங்கள். அடி தள்ளினால் சுத்தமான ஈரத்துணியால் மூடி, உடனே மருத்துவரை அழையுங்கள்.

கன்று போட்ட 12 மணி நேரத்துக்குள் நஞ்சுக்கொடி விழ வேண்டும். விழாவிட்டால் கல் கட்டித் தொங்கவிடுவதும் கையால் இழுப்பதும் கூடாது. உள்ளே புண்ணாகி, அடுத்த சினையே கெட்டுவிடும். மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

சில ஊர்களில் கொடி விழும் வரை கன்றுக்குச் சீம்பால் கொடுப்பதில்லை. இந்தப் பழக்கத்தை விட்டுவிடுவோம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்க வேண்டும். 30 கிலோ கன்றுக்கு நாளைக்கு 3 லிட்டர் தேவை. எருமைக் கன்றுக்குத் தாய்ப்பால் வழியாகவே உருண்டைப் புழு வந்துவிடும். ஆகவே பிறந்த 10 முதல் 15 நாளுக்குள் முதல் குடற்புழு மருந்தை மருத்துவரிடம் கேட்டுக் கொடுத்துவிடுங்கள். கன்று செத்துப்போனால் எருமை பாலை இறக்காது. அப்புறம் பால் இறக்க ஊசி என்று யாராவது வருவார்கள். அந்த ஊசி எருமையின் கருப்பையைப் பாதிக்கும். 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி, உடல்நலத்தைக் கெடுக்கும்படி பாலுக்காக ஊசி போடுவது குற்றமும் ஆகும். கன்றைக் காப்பாற்றினால் இத்தனையும் மிச்சம்.

கிடேரிக் கன்றுக்கு 4 முதல் 8 மாத வயதுக்குள் கருச்சிதைவு நோய்த் தடுப்பூசி ஒரு முறை போட வேண்டும். இந்த நோய் மனிதருக்கும் வரும். கன்று வீசிய எருமையின் கொடியையும் செத்த கன்றையும் வெறும் கையால் தொடாமல், குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள்.

கிடேரியை நன்றாகத் தீனி போட்டு வளர்த்தால் இரண்டரை வயதை ஒட்டி, சுமார் 300 கிலோ எடையில் சினைப்படுத்தலாம். மூன்றரை வயதுக்குள் பால் வரும். "பால் கறக்கும்போது தீனி போட்டுக்கலாம்" என்று விட்டால் ஐந்து வயது ஆகிவிடும்.

கூட்டங்களில் கேட்ட கேள்விகள்

"மூணு தடவை ஊசி போட்டும் நிக்கலைங்க, என்ன பண்றது?"
நான்காவது ஊசிக்கு முன்னால் மருத்துவரிடம் முழுப் பரிசோதனை செய்யுங்கள். போட்ட நேரம் சரியில்லையா, கருப்பையில் புண்ணா, சத்துக் குறைவா என்று கண்டுபிடித்துவிடலாம்.

"பருவமே காட்டமாட்டேங்குது. வித்துடலாமா?"
அவசரப்பட வேண்டாம். மருத்துவர் பரிசோதித்து, ஹார்மோன் ஊசிகளை நாள் கணக்கில் போட்டு, குறித்த நேரத்தில் சினை ஊசி போட முடியும். ஆனால் எலும்பும் தோலுமாக இருக்கும் எருமையிடம் இது பலிக்காது. முதலில் தீனி போட்டு உடம்பைத் தேற்றுங்கள்.

"சினை ஊசி போட்டா கிடாக் கன்னுதான் பொறக்குதாமே?"
இல்லை. கிடாவுக்குச் சேர்த்தாலும் ஊசி போட்டாலும் பாதிக்குப் பாதிதான். இப்போது பாலினம் பிரித்த உறைவிந்து வந்திருக்கிறது. அதில் நூற்றுக்குச் சுமார் 90 பெண் கன்று பிறக்கும். உங்கள் மருந்தகத்தில் எருமைக்குக் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

ஒவ்வொரு குழுவும் செய்ய வேண்டியது

சேமிப்புக்கும் கடனுக்கும் நோட்டு வைத்திருக்கிறோம். எருமைக்கும் ஒரு நோட்டுப் போடுவோம். ஒவ்வொரு எருமைக்கும் ஒரு பக்கம். அதில் எழுத வேண்டியவை:

- காது வில்லையின் 12 இலக்க எண்
- கன்று போட்ட தேதி
- பருவம் பார்த்த தேதியும் நேரமும்
- ஊசி போட்ட தேதி, கிடா எண்
- 21-ஆம் நாள் எப்போது வருகிறது
- சினைப் பரிசோதனை செய்த தேதி, முடிவு
- பால் வற்ற வைக்க வேண்டிய தேதி

எழுதத் தெரியாத உறுப்பினர் வீட்டுக் காலண்டரில் ஒரு வட்டம் போட்டால் போதும். எழுத்தர் கூட்டத்தில் நோட்டில் ஏற்றிவிடலாம். மாதக் கூட்டத்தில் தவணை வாசிக்கும்போதே, "கன்று போட்டு 90 நாள் தாண்டியும் சினை நிற்காத எருமை யாருடையது?" என்றும் கேளுங்கள். இரண்டு மூன்று எருமை இருந்தால் ஒரே நாளில் மருத்துவரை வரவழைத்துக் காட்டலாம். அவசரத்துக்கு 1962 என்ற இலவச எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியைக் கூப்பிடலாம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு நாங்கள் வரும்போது இந்த நோட்டையும் எடுத்து வையுங்கள். தவணை நின்றுபோன உறுப்பினரின் பக்கத்தை முதலில் சேர்ந்து பார்ப்போம்.